உள்ளங்கை அளவு பல்பு 18 மைல் தெரிவது எப்படி?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும். ஒரு தீவில், இப்போது பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கும் பழைய கலங்கரை விளக்கத்தின் உச்சிக்கு ஏறியிருக்கிறீர்கள். ஆள் உயரத்தைத் தாண்டிய கண்ணாடிக் கூண்டு, அதன் நடுவில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பல்பு, கீழே வட்டமாக ஒரு காலித் தொட்டி. இந்தச் சின்ன பல்பா 18 மைலுக்குத் தெரிகிறது, கரண்ட் வருவதற்கு முன் எதை எரித்தார்கள், அத்தனை கனத்தை எப்படிச் சுற்றினார்கள், தொட்டியிலிருந்த பாதரசத்தால் காவலர்களுக்குப் பைத்தியம் பிடித்தது உண்மையா, ஜிபிஎஸ் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். பல்பை வைத்து யோசித்தால் எதற்கும் விடை கிடைக்காது. கலங்கரை விளக்கத்தில் பல்பு கடைசியாகக் கவனிக்க வேண்டிய பாகம்.

18 மைல் என்பது முதலில் பூமியின் வளைவு தரும் கணக்கு. கடல் மட்டத்திலிருந்து விளக்கின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.08ஆல் பெருக்குங்கள். அங்கிருந்து தொடுவானம் எத்தனை கடல் மைல் என்பது கிடைத்துவிடும். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். காற்றில் ஒளி சற்று வளைந்து வருவதும் அந்த 2.08க்குள் அடக்கம். விளக்கு 36 மீட்டரில் இருந்தால் 12.5 மைல். கப்பலில் நின்று பார்ப்பவரின் கண் 9 மீட்டரில் இருந்தால் அவர் பங்குக்கு 6.2 மைல். கூட்டினால் 18.7. அதே விளக்கைக் கண் மட்டம் ஒரு மீட்டரே உள்ள சிறு படகிலிருந்து பார்ப்பவருக்கு 14.6 மைலுக்குள் வந்தால்தான் தெரியும். நீங்கள் எவ்வளவு பெரிய பல்பை மாட்டினாலும் இது மாறாது. எல்லைக்கு அப்பால் இருப்பவருக்கு மேகத்தில் பட்ட மங்கலான வெளிச்சம் தெரியலாம், விளக்கு தெரியாது. இந்த எல்லையை மாலுமிகள் ஓர் அளவுகோலாகவே வைத்திருந்தார்கள். ஒளி முதன்முதலில் தலைகாட்டும்போது, நின்றால் தெரிந்து குனிந்தால் மறைகிறதென்றால் கப்பல் சரியாக அந்த விளிம்பில் இருக்கிறது. தூரம் கையில் கிடைத்துவிட்டது. குளிர்ந்த கடல் மேல் வெதுவெதுப்பான காற்று படிந்திருக்கும் இரவுகளில் மட்டும் இது ஏமாற்றும். ஒளி வழக்கத்தைவிட அதிகம் வளைந்து, விளக்கை இருக்கும் தூரத்தைவிடப் பக்கத்தில் காட்டிவிடும்.

அப்படியானால் உயரமாகக் கட்டிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். தென்னாப்பிரிக்காவின் கேப் பாயிண்டில் 1860ல் அதைத்தான் செய்தார்கள். கடலுக்கு 200 மீட்டருக்கும் மேலே, மலையுச்சியில் விளக்கு. மேகமும் மூடுபனியும் அந்த உயரத்தில்தான் வந்து படியும் என்பதால், தேவைப்பட்ட இரவுகளிலேயே அது காணாமல் போனது. 1911ல் லுசிட்டானியா என்ற போர்ச்சுகீசியக் கப்பல் அங்கே பாறையில் மோதிய பிறகு, 87 மீட்டர் உயரத்தில் புதிய விளக்கு அமைத்து 1919ல் ஏற்றினார்கள். தீவு விளக்குகளுக்கு இடம் பார்க்கும்போதும் இதே இழுபறிதான்: தாழ்ந்தால் வளைவு மறைக்கும், ஏறினால் மேகம் மறைக்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய கடல் வரைபடங்களில் விளக்கின் அருகே அச்சிட்டிருக்கும் மைல் பெரும்பாலும் இந்த வளைவுக் கணக்கு அல்ல. 10 கடல் மைல் வரை பார்வை எட்டும் அளவுக்குக் காற்று தெளிவாக இருந்தால் ஒளியின் வலு எதுவரை செல்லும் என்பதே அந்த எண். இரண்டில் எது சிறியதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்த வலு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வெறும் சுடர் எல்லாப் பக்கமும் ஒளியை இறைக்கும். கூரைக்குப் போவதும் தரைக்குப் போவதும் கடலுக்குப் பயனில்லை. ஒரே கட்டி லென்ஸ் வைத்து மடக்கலாம் என்றால், தேவைப்படும் அளவுக்கு அது பல டன் கனத்தில் வரும். நடுப்பகுதியின் தடிமனே ஒளியைக் குடித்துவிடும். பிரெஞ்சுப் பொறியாளர் அகஸ்டின் ஃபிரெனல் அதற்கு வழி கண்டார். லென்ஸில் வேலை செய்வது வளைந்த மேற்பரப்பு மட்டுமே. பின்னால் உள்ள தடிமனை வழித்தெறிந்து, மேற்பரப்பை வளையம் வளையமாக வெட்டி அடுக்கினால் போதும். அவருடைய லென்ஸ் 1823ல் பிரான்சின் ஜிரோந்த் கழிமுகத்தில் கடலுக்குள் நிற்கும் கொர்துவான் கோபுரத்தில் முதலில் ஏறியது. பின்னால் வந்த லென்ஸ்களில் நடுவிலுள்ள வளையங்கள் ஒளியை வளைத்து அனுப்பும். மேலும் கீழும் உள்ள முக்கோணப் பட்டகங்கள் ஒளியைத் தமக்குள்ளேயே முழுக்கத் திருப்பி வெளியே தள்ளும். பட்டகத்தில் பாதரசப் பூச்சு கிடையாது. சுமார் 42 டிகிரிக்கு மேல் சாய்ந்து படும் ஒளி கண்ணாடியை விட்டு வெளியேற முடியாமல் திரும்பிவிடுகிறது, அவ்வளவுதான். ஆகவே பூச்சு கறுத்துப் போகும் பிரச்சினையும் இல்லை.

நீங்கள் பார்த்தது ஆளைவிட உயரமான கூண்டு என்பதால் அது முதல் தரமாகவோ இரண்டாம் தரமாகவோ இருக்கலாம். தரம் என்பது சுடரிலிருந்து லென்ஸ் வரையுள்ள குவியத் தூரத்தைப் பொறுத்தது: முதல் தரம் 920 மில்லிமீட்டர், இரண்டாம் தரம் 700, மூன்றாம் தரம் 500, நான்காம் தரம் 250. இந்த எண்ணில்தான் பல்பைப் பொருத்துபவரின் பாடு இருக்கிறது. முதல் தர லென்ஸில் பல்பு 16 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிட்டால் ஒளிக்கற்றை ஒரு டிகிரி மேலே தூக்கும். ஒரு டிகிரி கேட்பதற்குச் சின்னது. 10 மைல் தள்ளி அது 320 மீட்டர் உயரம். கற்றையின் மையம் கப்பலின் தலைக்கு மேலே போய்விடும். நான்காம் தர லென்ஸில் அதே தவறு நேர 4 மில்லிமீட்டரே போதும். பழைய காவலர்கள் இதைச் சரிபார்த்த விதம் எளிது. பகலில் சுடர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால், லென்ஸ் வழியாக வெளியே உள்ள கடலும் வானமும் தலைகீழாக அதில் விழும். தொடுவானக் கோடு எந்த மட்டத்தில் விழுகிறதோ, சுடரின் மிகப் பிரகாசமான பகுதி அந்த மட்டத்தில் இருக்க வேண்டும்.

கூண்டு எட்டு முகம் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முகமும் 45 டிகிரிக்குள் பரவும் ஒளியை அள்ளி, சுமார் 6 டிகிரி அகலமுள்ள கற்றையாக நெருக்குகிறது. கிடைமட்டத்தில் மட்டுமே ஏழு மடங்குக்கு மேல் ஆதாயம். செங்குத்தில் மிச்சப்படுவது தனி. அந்த 6 டிகிரி எங்கிருந்து வந்தது என்றால், சுடரின் அகலத்திலிருந்து. 100 மில்லிமீட்டர் அகலச் சுடர் 920 மில்லிமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய அந்தக் கோணத்தைத்தான் தரும். இதனால்தான் பெரிய தீ வைத்தால் கற்றை அகலமாகுமே தவிர, அதே விகிதத்தில் வலுவாகாது. சின்னதாகவும் கண் கூசும்படியும் எரியும் பொருள்தான் லென்ஸுக்கு ஏற்றது. உங்கள் உள்ளங்கைப் பல்பு சிறியதாக இருப்பது அதன் குறையல்ல, அதுதான் அதன் தகுதி.

எரிபொருள் வரலாறும் இதே திசையில் போனதுதான். ஆரம்பத்தில் விறகு, நிலக்கரி, மெழுகுவத்தி. இங்கிலாந்தின் எடிஸ்டோன் பாறையில் 1759ல் பொறியாளர் ஸ்மீட்டன் கட்டிய புகழ்பெற்ற கோபுரத்திலேயே 24 மெழுகுவத்திகள்தான் எரிந்தன. 1780களில் ஆர்கன்ட் விளக்கு வந்தது: உள்ளீடற்ற வட்டத் திரி, உள்ளும் புறமும் காற்று, மேலே கண்ணாடிச் சிம்னி. திமிங்கில எண்ணெய், கடுகு இனத்து எண்ணெய், பிறகு மண்ணெண்ணெய் என மாறி, ஒன்றுக்குள் ஒன்றாகப் பல திரிகள் வைத்தார்கள். 1900களின் தொடக்கத்தில் வந்த ஆவி விளக்கு எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. பெட்ரோமாக்ஸ் பார்த்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். மண்ணெண்ணெயைக் கைப்பம்பால் அழுத்தி, சூடான குழாயில் ஆவியாக்கி, மேண்டிலுக்குள் எரிப்பது. அதில் நேரும் தவறும் பெட்ரோமாக்ஸில் நேர்வதுதான். ஸ்பிரிட் ஊற்றிக் குழாயைப் போதுமான அளவு சூடாக்காமல் வால்வைத் திறந்தால் ஆவிக்குப் பதில் எண்ணெயே பீய்ச்சும், தீ எகிறும். வீட்டு விளக்கில் அது ஒரு நிமிட எரிச்சல். விளக்கறையில் நூற்றுக்கணக்கான பட்டகங்களிலும் எண்ணெய்ப் பசையுள்ள கரி படியும். ஒவ்வொன்றாகத் துடைத்து முடிக்கப் பொழுதாகிவிடும்.

சுற்றுவது எதற்காக என்பதையும் சொல்ல வேண்டும். கடற்கரையில் எத்தனையோ வெளிச்சங்கள் இருக்கும். இது எந்த விளக்கு என்று மாலுமிக்குத் தெரிய வேண்டும். 10 நொடிக்கு இரண்டு மின்னல் என்று வரைபடத்தில் இருந்தால், கடிகாரத்தைப் பார்த்து எண்ணி அடையாளம் காண்பார். இருட்டு அதிகமாகவும் ஒளி குறைவாகவும் இருந்தால் மின்னும் விளக்கு. ஒளி அதிகமாகி இடையில் மறைந்தால் மறைப்பு விளக்கு. இரண்டும் சமமானால் சமநேர விளக்கு. நேரம் பிசகினால் அது வேறொரு விளக்காகிவிடும், அதற்கு அணைந்திருப்பதே மேல். அதனால் கூண்டைச் சுற்ற ஒரு பெரிய கடிகார இயந்திரம் இருந்தது. அடுத்த முறை ஏறும்போது கோபுரத்தின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஓடும் குழாயைப் பாருங்கள். எடைக்கல் இறங்கிய வழி அது. கோபுரத்தைப் பொறுத்து, அரை மணிக்கொரு முறையோ சில மணிக்கொரு முறையோ கையால் சுற்றி அதை மேலேற்ற வேண்டும். எடை அடியைத் தொடும் முன் எச்சரிக்க மணி அடிக்கும் அமைப்புகள் இருந்தன. சாவி கொடுக்கும்போது கூண்டு நின்றுவிடாதபடி துணை இயக்கமும் வைத்தார்கள். இயந்திரம் பழுதானால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு விடியும்வரை கையால் தள்ளுவதுதான் வழி.

டன் கணக்கான கண்ணாடியைக் கையால் தள்ள முடிந்ததற்குக் காரணம் நீங்கள் பார்த்த அந்த வட்டத் தொட்டி. முன்பு கூண்டு உருளைகள் மீது ஓடியது. உராய்வு மிகுந்ததால் சுற்றே மெதுவாக இருக்கும். மாலுமி நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். 1890ஐ ஒட்டிப் பிரான்சில் புர்தெல் என்ற பொறியாளர் கூண்டைப் பாதரசத்தில் மிதக்கவிட்டார். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். 3 டன் கூண்டு மிதக்க 220 லிட்டர் பாதரசத்தின் இடத்தை அது பிடித்தால் போதும். 220 லிட்டர் பாதரசம் ஊற்ற வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. மிதவை தொட்டிக்குள் மிக நெருக்கமாக உட்காரும். இடையில் சில மில்லிமீட்டர் சந்து. அந்தச் சந்தை நிரப்பும் அளவு பாதரசமே முழுக் கனத்தையும் தாங்கிவிடும். அதன் பிறகு ஒரு விரலால் தள்ளலாம். கணக்குக்காக 100 கிலோ எடை 20 மீட்டர் இறங்க 3 மணி நேரம் எடுக்கிறது என்று வையுங்கள். கிடைக்கும் சக்தி 2 வாட்டைக்கூட எட்டாது. அதை வைத்து டன் கணக்கைச் சுற்றினார்கள். வேகம் கூடியதில் ஒரு சிக்கலும் வந்தது: மின்னல் மிகக் குறுகினால் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். பிளான்டல், ரே என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் 1911ல் தந்த விதிப்படி, 0.2 நொடி நீடிக்கும் மின்னல் அதே பிரகாசமுள்ள நிலையான விளக்கில் பாதியாகத்தான் தோன்றும். அதனால் வேகத்தை ஓர் அளவோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பாதரசத்தில் தூசியும் ஆக்சைடும் சேர்ந்து ஆடை படியும். ஆடை தடித்தால் இழுவை கூடும். 10 நொடி 11 நொடியாகும். அப்போது பாதரசத்தை வடித்து, மெல்லிய பதனிட்ட தோலில் பிழிந்து வடிகட்டி மீண்டும் ஊற்றுவார்கள். உங்கள் பைத்தியக் கேள்வி இங்கேதான் வருகிறது. நிச்சயமானது இது: பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும், அந்த ஆவியை நீண்ட காலம் சுவாசித்தால் கை நடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல், மறதி வரும். மூடிய, வெப்பமான விளக்கறையில் தோலால் பிழிந்துகொண்டிருந்தவர்கள் அதைச் சுவாசித்திருப்பார்கள் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் இன்ன காவலரின் சித்தம் கலங்கியது பாதரசத்தால்தான் என்று உறுதியாகச் சொல்வது வேறு விஷயம். இரவைத் துண்டு துண்டாக வெட்டும் காவல் முறை, மாதக்கணக்கான தனிமை, குடி, இவையும் அதே அறிகுறிகளைத் தரும். தவிர, காவலர் பைத்தியமான கதைகளில் சில 1890க்கு முந்தியவை. தொட்டியே இல்லாத காலத்தில் பாதரசத்தைக் குற்றம் சொல்ல முடியாது. வேல்ஸ் அருகே ஸ்மால்ஸ் பாறையில் 1800ஐ ஒட்டி இரண்டு காவலரில் ஒருவர் இறக்க, கொலைப்பழிக்கு அஞ்சி மற்றவர் சடலத்தோடு வாரக்கணக்கில் இருந்தார் என்றும், அதன்பின்தான் மூவர் முறை வந்தது என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். அதன் சில்லறை விவரங்கள் ஆளுக்கு ஆள் மாறும்.

இதோடு சேர்த்து எப்போதும் வருவது ஸ்காட்லாந்தின் ஃபிளானன் தீவு. 1899 டிசம்பரில் ஏற்றிய விளக்கு. ஓராண்டு கழித்து, 1900 டிசம்பர் 15 இரவு அவ்வழியே போன கப்பல் அது எரியவில்லை என்று கண்டது. மாற்றுக் காவலரை ஏற்றிக்கொண்டு 26ஆம் தேதி போய்ச் சேர்ந்த கப்பல் மூன்று காவலரையும் காணவில்லை என்று அறிந்தது. மேற்குத் துறையில் கடலுக்கு 30 மீட்டருக்கு மேலே வைத்திருந்த கயிற்றுப் பெட்டி உடைந்து சிதறிக் கிடந்தது. அலை அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும் என்பது விசாரித்த அதிகாரியின் முடிவு. ஆவணத்தில் உள்ளதன் சாரம் இதுதான். மேசையில் தொடப்படாமல் கிடந்த சாப்பாடு 1912ல் வந்த ஒரு கவிதையின் கற்பனை. 'அவர் அழுதுகொண்டிருக்கிறார்' என்பது போன்ற நாட்குறிப்பு வரிகள் அதற்கும் பின்னால் முளைத்தவை.

தீவில் அன்றாடப் போராட்டம் உப்போடுதான். புயலுக்கு மறுநாள் விளக்கறையின் வெளிக் கண்ணாடி வெள்ளை பூத்திருக்கும். உலர்ந்த உப்பை அப்படியே துடைத்தால் அது மணலாய்க் கீறும். முதலில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கரைக்க வேண்டும். நல்ல தண்ணீரோ கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்தது. கூரையிலும் உப்பு இருக்கும் என்பதால் முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, பிறகே தொட்டிக் குழாயைத் திருப்புவார்கள். லென்ஸைத் துடைக்கும்போது சட்டைப் பொத்தான் கீறாமலிருக்க மேலங்கி கட்டிக்கொள்வது விதி. விடிந்ததும் விளக்கறைக்குத் திரை போட்டாக வேண்டும். தொலைவிலிருந்து வரும் ஒளியை லென்ஸ் நடுவில் குவிக்கும் அல்லவா, நின்றிருக்கும் லென்ஸில் சூரியன் பட்டால் விளக்கின் பாகங்களே உருகும். பகலிலும் கூண்டைச் சுற்றவிடும் இடங்கள் இதே காரணத்தால்தான் சுற்றவிடுகின்றன.

ஆளில்லாமல் விளக்கை விடலாம் என்ற நிலையைக் கொண்டுவந்தவர் ஸ்வீடனின் குஸ்தாஃப் டாலேன். அசெட்டிலினைத் தனியாக அழுத்தினால் வெடிக்கும். அதனால் நுண்துளைப் பொருளில் அசெட்டோனை ஊறவைத்து, அதில் வாயுவைக் கரைத்துச் சிலிண்டரில் அடைத்தார்கள். மின்னும் கணத்தில் மட்டும் வாயுவைத் திறக்கும் வால்வு செலவைக் குறைத்தது. 3 நொடியில் 0.3 நொடி எரிந்தால் பத்தில் ஒரு பங்குதான் வாயு. 1907ல் அவர் செய்த சூரிய வால்வு இன்னும் அழகானது. ஒரு கறுப்புத் தண்டு, சுற்றிலும் மெருகேற்றிய மூன்று தண்டுகள். பகலில் கறுப்புத் தண்டு வெயிலைக் குடித்து, மற்றவற்றைவிட அதிகமாக நீண்டு வாயுவை அடைக்கும். இருட்டியதும் சுருங்கித் திறக்கும். மின்சாரமும் இல்லை, ஆளும் இல்லை. 1912ல் இயற்பியல் நோபல் பரிசு அவருக்கு. அதே ஆண்டு ஒரு வெடிவிபத்தில் அவர் பார்வை போனது.

மின் விளக்கு இங்கிலாந்துக் கரையில் 1858லேயே சோதனைக்கு வந்தும் தீவுகள் வெகுகாலம் காத்திருந்தன. என்ஜினையும் எரிபொருளையும் மெக்கானிக்கையும் படகில் ஏற்றி இறக்க வேண்டுமே. இன்று சூரியத் தகடும் பேட்டரியும் அதைத் தீர்த்துவிட்டன. பதிலுக்குப் பறவை எச்சமும் உப்பும் தகட்டை மூடுவது, பேட்டரி சூட்டில் ஆயுள் குறைவது என்று புதுத் தலைவலிகள். பல்பு இருக்கும் இடங்களில் இரண்டு பல்பு கொண்ட மாற்றி ஒன்று இருக்கும். ஒன்று ஃப்யூஸ் ஆனதும் மின்னோட்டம் நின்றதை உணர்ந்து, அடுத்தது திரும்பிக் குவியத்தில் வந்து நிற்கும். பழைய லென்ஸுக்குள் எல்இடி வைப்பது கேட்பதற்கு எளிது. ஒரு புள்ளியில் இல்லாமல் பல சில்லுகளாகப் பரவியிருப்பதால், மேலே சொன்ன 16 மில்லிமீட்டர் சங்கடம் உடனே வரும். அதனால் பல இடங்களில் லென்ஸை ஓரங்கட்டி, வெளியே மாடத்தில் தனி எல்இடி விளக்கைப் பொருத்திவிட்டார்கள். இரவில் சுழலும் நீண்ட ஒளிக்கதிர்கள் இப்போது தெரிவதில்லை என்று பலர் வருந்துவது இதனால்தான். அது சுற்றுவதில்லை, அணைந்து எரிகிறது.

ஜிபிஎஸ் இருக்கையில் ஏன் என்றால், ஜிபிஎஸ் சிக்னலைத் தடுக்கலாம், போலியாகவும் அனுப்பலாம். அப்போது கப்பல் எங்கே நிற்கிறது என்று திரை தவறாகச் சொல்லும். திரையில் தவறு என்ற அறிகுறியே இருக்காது. ஜன்னலுக்கு வெளியே 10 நொடிக்கு இரண்டு முறை மின்னுவதோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பல தீவு விளக்குகளில் ராடார் அலை பட்டதும் மோர்ஸ் எழுத்தாகப் பதில் தரும் ரேகானும் உண்டு. மூடுபனியில் ஒளி தோற்கும் இடத்தில் அது உதவும். மிக முக்கியமான விளக்குகள் எவ்வளவு நேரம் எரிந்தாக வேண்டும் என்று கலங்கரை விளக்கங்களுக்கான சர்வதேச அமைப்பு வைத்திருக்கும் அளவு 99.8 சதவீதம். அதாவது, மூன்றாண்டுச் சராசரியில் ஆண்டுக்குப் பதினேழரை மணி நேரத்துக்கு மேல் அணைந்திருக்கக் கூடாது. புயலில் படகு போக முடியாத ஒரு தீவில் ஒரே ஒரு நீண்ட இரவுப் பழுது அந்தக் கணக்கில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.